இருபத்தேழு பொன்னிற மாத்திரைகள்

கெடாவில், லூனாசுக்கும் கரங்கானுக்கும் நடுவே, பெருஞ்சாலையை விட்டு உள்ளொதுங்கிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பாப்பம்மா வாழ்ந்து வந்தாள். ஆண்டு முழுவதும் சூரியன் தலைக்கு நேரே நின்று காய்கிற நாட்டில் பிறந்து, அந்நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியேறாமல், வெயில் போதாத காரணத்தால் எலும்பு நொந்தவள் அவள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆயினும் அது மெய்.

விளக்கிச் சொன்னால் வியப்பு அடங்கிவிடும். பதினாறு வயதில் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தவள், இருபது ஆண்டுகள் இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மரநிழலுக்குள் புகுந்தாள். கொசுவுக்கும் முள்ளுக்கும் அஞ்சித் தலையில் துணி, மணிக்கட்டு வரை சட்டை, கணுக்கால் வரை கைலி. அதன்பிறகு ரப்பர்த் தகடுகளைப் புகையிட்டு உலர்த்தும் புகைவீட்டில் வேலை மாறிற்று. காலையில் அந்த இருட்டறைக்குள் போனால், தகடுகளைத் தொங்கவிட்டு, திருப்பிவிட்டு, தரம் பிரித்து, கதவை மூடி வெளியே வருகையில் சூரியன் மரத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை லூனாஸ் கடைத்தெருவுக்குப் போனாலும் குடையில்லாமல் போகமாட்டாள். உலகுக்கெல்லாம் பொதுவான அந்தச் செல்வத்தில் அவள் பங்குக்கு வந்தது, குடையின் ஓட்டை வழியாக விழுந்தது மட்டுமே.

பாப்பம்மாவுக்கும் சத்து மருந்துக்கும் உள்ள உறவு பழையது. போர் முடிந்து சப்பான்காரன் போன மறு ஆண்டு, மரவள்ளிக்கிழங்கையே தின்று மெலிந்த தோட்டத்துப் பிள்ளைகளைத் தேற்றவென்று ஒரு பெரிய கறுப்புப் போத்தல் வந்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே கரண்டியால் எல்லார் வாயிலும் மீன் எண்ணெய் ஊற்றினார்கள். பத்து வயதுப் பாப்பம்மா அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, பெயர் கூப்பிட்டு முடியும்வரை மௌனம் காத்து, செம்பருத்தி வேலியடியில் போய்த் துப்புவாள். அந்த ஆண்டு வேலி என்றும் இல்லாதபடி பூத்தது என்று பிற்காலத்தில் அவளே சொல்லிச் சிரிப்பதுண்டு. எண்ணெயைத் துப்பிவிட்டாள், அதன் நாற்றத்தைத் துப்ப முடியவில்லை. அது மூக்கின் மூலையில் எங்கோ குடியேறிவிட்டது.

அவ்வாறு தொடங்கியவளை மருந்தின் பக்கம் திருப்பியது மகள் பிரேமாவதியின் பிறப்பு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வெளுத்துப்போய்க் கிடந்தவளை இரும்புச்சத்து மருந்து எழுப்பி நடக்கவிட்டது. அன்று முதல் அவளுக்குச் சத்து மருந்தில் அசையாத நம்பிக்கை. தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அவள் வீட்டின் நடுச்சுவரில் இரண்டு பலகைகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றில் முருகனும் மாரியம்மனும். மற்றொன்றில் லூனாஸ் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய டானிக்குப் போத்தல், மால்ட் மாவு டின், ஆரஞ்சு வண்ணத்தில் சப்பிச் சாப்பிடும் மாத்திரை, ஆஸ்பத்திரி கொடுத்த சிவப்பு மாத்திரை. விடியற்காலையில் தலைக்கு ஊற்றி, நீறு பூசி, கண்மூடி ஒரு பாட்டுப் பாடி முடித்ததும், காலை எடுக்காமல் உடம்பை மட்டும் சிறிது திருப்பி, அடுத்த பலகைக்குக் கையை நீட்டுவாள். இரண்டு பலகைக்கும் அவள் காட்டிய பக்தியில் ஏற்றத்தாழ்வு காண்பது அரிது. யாராவது இரவோடு இரவாகப் பலகைகளை இடம் மாற்றி வைத்தால் டானிக்குக்குத்தான் சூடம் காட்டுவாள் என்பான் அவள் கணவன் சின்னையா. அவனுக்குத் தோட்டத்து லாரியில் சுமை ஏற்றி இறக்கும் வேலை, பேச்சுக் குறைவு, பேசினால் இப்படித்தான்.

அந்த மகள் பிரேமாவதி படிப்பில் சூட்டிகை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவள் மனுப் போட்ட அன்றே, தேர்வு கிடைத்தால் மூன்று தைப்பூசம் இடைவிடாமல் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் சுமப்பதாகப் பாப்பம்மா நேர்ந்துகொண்டாள். தேர்வு கிடைத்தது. அந்தத் தோட்டத்திலிருந்து ஆசிரியைப் படிப்புக்குப் போன முதல் பெண் அவள். எண்பத்தொன்றில் ஒரு குடம் ஏறியது. எண்பத்திரண்டில் இரண்டாவது ஏறியது. எஞ்சியது ஒன்று. இடைவிடாமல் என்று வாய்விட்டுச் சொன்ன வேண்டுதலாகையால், அந்த ஒன்று தவறினால் முன்னைய இரண்டும் கணக்கில் நில்லா என்பது அவள் தீர்மானம்.

விரதத்தில் அவளைப் போல் கண்டிப்பானவர் அந்த வட்டாரத்தில் இல்லை. மற்றவர்கள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்று எண்ணித் தொடங்கினால், அவள் கார்த்திகை முதல் நாளே தொடங்கிவிடுவாள். தோட்டத்திலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு அவளே தலைவி. யார் விரதம் நிறைந்தது, யாருடையது குறைந்தது என்பதைப் பூசாரியும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

இதில் முந்தைய ஆண்டு மாட்டிக்கொண்டவன் அம்மாசி. அடுத்த லயத்துப் பால்வெட்டுக்காரன், முப்பது வயது, வாய் நீளம். அவன் விரதம் தொடங்கிய மூன்றாம் நாள் கிறிஸ்மஸ் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் ஜெரார்ட் வீட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் கேக்கு வந்தது. அம்மாசி ஒரு துண்டைத் தின்று தேநீரும் குடித்துவிட்டான். கேக்கில் முட்டை உண்டு என்பது தனக்குத் தெரியாது என்று அவன் சொன்னதைப் பாப்பம்மா ஏற்கவில்லை. மறுநாளிலிருந்து எண்ணினால் பூசத்துக்கு மூன்று நாள் குறைந்தது. மண்டலம் என்றால் மண்டலம் என்று கோயில் வாசலில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள். அலங்கரித்து வைத்த காவடி வீட்டில் கிடக்க, அம்மாசி அந்தப் பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நாற்பது பேருடைய செருப்புகள் அடங்கிய சாக்குப் பையைக் காத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவளைக் கண்டால் அக்கா என்ற சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்வான்.

எண்பத்திரண்டின் நடுவில் பாப்பம்மாவின் முழங்கால்கள் முனகத் தொடங்கின. பின்னர் இடுப்பு, பின்னர் விலா. புகைவீட்டின் மூன்று படியை ஏற மூன்று முறை நின்றாள். ஜெரார்ட் அவளைக் கூலிம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அங்கே ஒரு சீன டாக்டரம்மாள் எக்ஸ்ரே படம் எடுத்து, இரத்தமும் சோதித்துப் பார்த்து, எலும்பில் சுண்ணாம்புச்சத்து குறைந்திருக்கிறது, அதைப் பிடித்து வைக்கும் டி வைட்டமின் அதைவிடக் குறைந்திருக்கிறது, இந்தம்மாள் வெயிலே பார்ப்பதில்லையா என்று கேட்டார். அந்த டாக்டரம்மாள் எழுதிக்கொடுத்தபடி ஐப்பசி மாதத்திலிருந்து ஜெரார்ட் காகித உறையில் மாத்திரைகள் கொடுத்தான். சுண்ணாம்புச்சத்துக்கு வெள்ளையில் ஒன்று, மற்றது தேன் துளி உறைந்தாற்போல் பொன்னிறத்தில், உள்ளே ஒளி ஓடுகிற சிறு உருண்டை. வாசனை இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். அதன் அழகில் பாப்பம்மா மயங்கிப்போனாள். தங்க மாத்திரை என்று பெயர் வைத்து, பழைய ஓவல்டின் டின்னில் போட்டு, பலகையின் நடுவில் இடம் கொடுத்தாள். சில நாள் இரண்டாகவும் போட்டுக்கொண்டாள். அதை அறிந்த ஜெரார்ட், கூடப் போட்டால் கூடக் குணமாகாது, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கேடு என்று கடிந்துகொண்டபின் ஒன்றோடு நிறுத்தினாள்.

ஒரு மாதத்தில் வலி பாதி இறங்கிற்று. மூன்று படியையும் நில்லாமல் ஏறினாள். கார்த்திகை பிறப்பதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஜெரார்ட் ஒருவனுடைய வெட்டுப்பட்ட விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"டிரசர் தம்பி, நாளைக்கு விரதம் தொடங்குறேன். இந்தத் தங்க மாத்திரைய விரதத்துல போடலாமா?"

"தாராளமா போடுங்கக்கா. விரதத்துக்கு இது ஒண்ணும் பண்ணாதுலா. எங்க விரதத்துல நானே போடுறேன்."

படித்தவன், மருந்தறிந்தவன், தானும் விரதம் இருப்பவன். அதற்குமேல் என்ன சான்று வேண்டும். பாப்பம்மா மனநிறைவோடு வீடு திரும்பினாள்.

விரதம் இருபத்தேழு நாள் இனிதே நடந்தது. இருபத்தெட்டாம் நாள் விடியலில், பாட்டு முடிந்து, டின்னைத் திறந்து தங்க மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள். குளித்த கையின் ஈரத்தில் அது நழுவித் தரையில் விழுந்தது. இருட்டில் தேடிய காலுக்குக் கீழே மெத்தென்று ஒன்று நசுங்கியது. விளக்கை எடுத்துக்கொண்டு குனிவதற்குள், அடுப்படியில் படுத்திருந்த கறுப்பி எழுந்து வந்தாள். கறுப்பி என்பது பூனை. பாலை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு யோசித்துக் குடிக்கும் அந்தப் பூனை, அன்று யோசிக்கவில்லை. சிமெண்டுத் தரையை நக்கியது. தரை தீர்ந்ததும் பாப்பம்மாவின் பாதத்தை நக்கியது. பாதமும் தீர்ந்தபின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தது.

பாப்பம்மா பாதத்தில் ஒட்டியிருந்ததை விரலால் துடைத்து மூக்கருகே கொண்டுபோனாள். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நொடியில் கழன்றன. ஆயாக் கொட்டகை, கறுப்புப் போத்தல், ஒரே கரண்டி, செம்பருத்தி வேலி. மூக்கின் மூலையில் குடியிருந்த பழைய நாற்றம் எழுந்து வந்து, வெளியிலிருந்து வந்த தன் உறவை அடையாளம் கண்டுகொண்டது.

மீன்.

அவள் சாமிப் பலகையைப் பார்க்கத் துணியாமல் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தேழு நாள். நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு மீன் மாத்திரை. ஒவ்வொன்றையும் நீறு பூசிய கையால், முருகன் பெயரைச் சொல்லி முடித்த வாயில், அவனைப் பார்த்தபடியே போட்டிருக்கிறாள்.

வேலைக்கு வரவில்லை என்று ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஜெரார்ட் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவள் கேட்டதும் அலமாரியிலிருந்து பெரிய போத்தலை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து படித்துப் பார்த்து, மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய்தான் என்று ஒத்துக்கொண்டான். அவன் முகம் வாடிவிட்டது. பொய் சொல்லும் குணம் அவனுக்கு இல்லை. ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டு அடுப்படிக்கு ஆடும் கோழியும் வருவதில்லை. மீன் மட்டும் குழம்பாகவும் வறுவலாகவும் தடையின்றி வந்துபோகும். அவன் பிறந்து வளர்ந்த வீட்டில் விரதம் என்றால் அதுவே ஒழுங்கு. இந்துக்களின் விரதத்தில் மீனும் விலக்கு என்பது அவன் அறியாத செய்தியன்று. ஆனால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, கையில் ஒருவனுடைய விரல் இருக்க, வாய் தன் வீட்டு வழக்கத்தை எடுத்துச் சொல்லிவிட்டது. மருந்தை மீனாக நினைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதை முழுவதுமாகச் சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணியவனாய், மேலே இருக்கிற தோலும் மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்ததாக இருக்கும் என்று தொடங்கினான்.

பாப்பம்மா கையை உயர்த்தினாள். "போதும் தம்பி. மீனோட நிறுத்திக்க."

வீட்டில் பஞ்சாயத்துக் கூடியது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பிரேமாவதி, மருந்துக்கு விரதம் கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சாமி கணக்கில் எடுக்காது என்றாள். சின்னையா, இது தெரிந்தது நாலு பேருக்கும் ஒரு பூனைக்கும், நாலு பேரும் பேசமாட்டோம் என்றான். பாப்பம்மா நாட்காட்டியை எடுத்து மடியில் வைத்து எண்ணினாள். நாளையிலிருந்து புதிதாகத் தொடங்கினால், பூசத்தன்று வரை நாற்பத்தேழு. மறுபடியும் எண்ணினாள். நாற்பத்தேழுதான். மண்டலத்துக்கு ஒரு நாள் குறைந்தது.

அம்மாசியின் கணக்கும் குறைந்த கணக்குத்தான். அவனுக்கு அவள் சொன்ன சொல் இப்போது அவளைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் குடம் ஏறும். ஆனால் மலையடிவாரத்தில் செருப்புப் பையோடு நின்ற ஒருவனைத் தாண்டித்தான் அந்தக் குடம் ஏற வேண்டும். அது தன்னால் ஆகாது என்பது அவளுக்கு வெயில் சாய்வதற்குள் தெரிந்துவிட்டது.

அம்மாசி லயத்து வாசலில் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். இந்த ஆண்டுக் காவடிக்கு அவனும் விரதம் பிடித்திருந்தான்; கிறிஸ்மஸ் வருவதற்கு முன்பே எல்லா வீட்டுக் கேக்கையும் மறுத்துச் சொல்லி வைத்திருந்தான். பாப்பம்மா எதிரில் வந்து நின்றாள். நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"தம்பி, இந்தப் பூசத்துக்குச் செருப்புப் பைய எங்கிட்ட குடு."

அவன் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள்: மாத்திரை, டிரசர் சொன்ன சொல், பூனை, மீன் எண்ணெய், இருபத்தேழு நாள், நாற்பத்தேழு நாள். எதையும் குறைக்கவில்லை. இறுதியாக, போன ஆண்டு கேக்கில் முட்டை இருப்பது தெரியாது என்று அவன் சொன்னதைத் தான் நம்பாமல் போனதையும் சொன்னாள்.

அம்மாசிக்கு ஓராண்டாகக் காத்திருந்த வாய்ப்பு அது. அவன் அதை முற்றிலும் விட்டுவிடவும் இல்லை.

"நான் ஒரு துண்டு கேக்குக்கா. நீங்க இருபத்தேழு மீனு."

"ஆமா."

"அதுவும் சாமிய பாத்துக்கிட்டே."

"ஆமாண்டா தம்பி."

"ரெண்டு பேரையும் கெடுத்தது இந்த டிரசருதான். ஒங்களுக்கு மீனு, எனக்கு முட்டை. அந்த ஆளு வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சாலும் இனி கேட்டுத்தான் குடிக்கணும்லா."

பாப்பம்மா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்குவதைக் கண்டதும் அம்மாசியின் குரல் இறங்கியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளை அதன்மேல் உட்கார வைத்தான். தானும் எதிரில் குந்தி, வழக்கு விசாரிப்பவனைப் போல் ஒவ்வொன்றாகக் கேட்டான். இன்றைக்குக் காலையில் மாத்திரை கையில் எடுத்ததும் என்ன நடந்தது. விழுந்தது. விழுந்ததை என்ன செய்தாள். மிதித்தாள். வேறு மாத்திரை எடுத்தாளா. இல்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டாள். ஒன்றும் இல்லை, பச்சைத் தண்ணீர் குடித்தாள்.

"அப்ப இன்னைக்கு மாத்திரைய முழுங்குனது யாரு?"

"கறுப்பி."

"அப்படின்னா இன்னைக்கு விரதம் முறிஞ்சது கறுப்பிக்குக்கா. ஒங்களுக்கு இல்ல. ஏன் நாளையில இருந்து எண்ணுறீங்க? இன்னையில இருந்து எண்ணுங்க."

பாப்பம்மா விரல்களை மடக்கினாள். இன்றோடு சேர்த்து நாற்பத்தெட்டு. கார்த்திகை முதல் நாளே தொடங்குகிற வழக்கத்தால் கையில் மிஞ்சி நின்ற நாட்களும், ஒரு பூனை தன் நாவால் மீட்டுக்கொடுத்த ஒரு நாளும் சேர்ந்து மண்டலம் நிறைந்து நின்றது. பிறகு, போன ஆண்டு உனக்காக இப்படி ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லையே என்றாள். கேக்கைப் பூனைக்குப் போட்டிருந்தால் எண்ணியிருக்கலாம், தானே அல்லவா தின்றது என்று சொல்லிக்கொண்டு அம்மாசி வாளியைக் கேட்டு வாங்கிப் போனான்.

நாள் சரியாயிற்று, முழங்கால் இருந்தது. தங்க மாத்திரை இல்லாமல் ஒன்றரை மாதம் கழித்துத் தண்ணீர்மலைப் படிகளைப் பால்குடத்தோடு ஏற வேண்டும். வெள்ளை மாத்திரையும் எதிலிருந்து வருகிறதென்று கேட்டதற்கு, சுண்ணாம்புக் கல்லாகவும் இருக்கலாம், சிப்பி ஓடாகவும் இருக்கலாம், எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றான் ஜெரார்ட். அந்தப் பதில் வரும்வரை அதையும் பாப்பம்மா பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மருந்துப் பலகை வரலாற்றில் முதல்முறையாகக் காலியானது.

ஜெரார்ட் தன் தவற்றுக்கு ஒரு வழி தேடினான். டாக்டரம்மாள் அன்றே சொன்னது அவன் நினைவுக்கு வந்தது. மீன் ஈரலிலிருந்து எடுக்கிற அதே வைட்டமினைத் தோலில் வெயில் பட்டால் உடம்பு தானே செய்துகொள்ளும். புகைவீட்டுக் கணக்கெழுதும் கிராணியிடம் பேசி, பத்தரை மணித் தேநீர் இடைவேளையோடு கால் மணியைக் கூட்டி வாங்கினான். அந்த நேரத்தில் தலைத்துணியை எடுத்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, முழங்கால்வரை கைலியை உயர்த்தி வெயிலில் உட்கார வேண்டும். தலை சுற்றினால் எழுந்து நிழலுக்குப் போய்விட வேண்டும். உணவில் பால், எள்ளுருண்டை, கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை. ஒவ்வொன்றையும் எழுதும்போது, இது ஆகுமா அக்கா என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகே எழுதினான்.

நாற்பத்தாறு வயது வரை கறுத்துவிடுவோம் என்று குடைக்குள் ஒளிந்தவள், புகைவீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். முதல் வாரம் வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்டிய பாலை எடை போட்டுவிட்டு அவ்வழியே திரும்பும் வெட்டுக்காரர்கள் ஒரு பேச்சுச் சொல்லாமல் போவதில்லை. அம்மாசிதான் முன்வரிசை.

"அக்காள திருப்பிப் போடுங்கலா. ஒரு பக்கமே காயுது. ரெண்டாம் நம்பர் ஷீட்டாப் போயிரும்."

அவளும் விடுவதில்லை. வாய் மட்டும் வேலை செய்கிறவனுக்குத் தகட்டின் தரம் எப்படித் தெரியும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே திருப்பிக் கொடுப்பாள். சில நாளில் முதுகு வலியென்று இன்னும் இரண்டு பெண்கள் அவள் பக்கத்தில் வந்து கால் நீட்டினார்கள். கறுப்பியும் வந்தது, பத்தரை மணியானால் மனிதருக்கு முன்பாகத் தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

வடக்கே கெடாவில் மழை நின்றுவிடும் காலம் அது. மார்கழி கழிந்து தை பிறந்ததும் வானம் கழுவித் துடைத்த பாத்திரம் போல் நின்றது. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கின. ஆண்டு முழுவதும் நிழலைப் போர்த்திக்கொண்டு கிடந்த தோட்டம் இலையிலையாகத் தன் போர்வையைக் களைந்தது. விறகு பொறுக்கப் போகிற பாதையிலும், கோயிலுக்குப் போகிற பாதையிலும், அவள் இருபது ஆண்டுகள் இருட்டாகவே கண்ட பழைய மர நிரைகளிலும் வெயில் இறங்கி நடந்தது. தான் தேடிப் போன ஒன்று தன்னைத் தேடியும் வருவதைக் கண்டு, நடக்கும்போதே அவள் மெல்லப் பாடினாள். அடுத்த பலகைக்குக் கை நீட்டும் அவசரம் இல்லாததால் பாட்டு முன்னைவிட நீண்டது.

பூசத்தன்று விடியலில் பஸ் பட்டர்வொர்த்தை அடைந்து, படகில் ஏறிக் கடலைக் கடந்து, தண்ணீர்மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. தேங்காய் உடைத்த நீரில் சாலை நனைந்திருந்தது. செருப்புப் பையைக் கேட்டு ஜெரார்ட் தானே முன்வந்து பஸ்ஸில் ஏறியிருந்தான். முட்டைக்கு ஒருபாதி, மீனுக்கு ஒருபாதி, நாற்பது சோடியும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டான். பாவம் கழிக்கிற தவக்காலம் பிறக்க இன்னும் பதினைந்து நாளுக்குமேல் இருக்கிறதே என்று அம்மாசி நினைவூட்டினான். சாமி இதை முன்பணமாக வைத்துக்கொள்ளட்டும் என்றான் டிரசர்.

அம்மாசி காவடியோடு முன்னே ஏறினான். பாப்பம்மா தலையில் பால்குடத்தோடு பின்னே ஏறினாள். முழங்கால் வலிக்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். ஐம்பதாம் படியில் வலித்தது. நூறாம் படியில் நன்றாகவே வலித்தது. ஆனால் ஐப்பசிக்கு முன் வலித்த வலி, உள்ளே எதுவோ நொறுங்குகிற வலி. இது உழைத்த காலின் வலி, அவளுக்குப் பழக்கமானது. வளைவு வரும்போதெல்லாம் அம்மாசி காவடியைத் திருப்புகிற சாக்கில் திரும்பிப் பார்த்து நின்றான். அவள் மூச்சு வாங்கி நிமிர்ந்த பிறகே அடுத்த படியில் கால் வைத்தான். பக்கத்தில் பிரேமாவதி கையை நீட்டிக்கொண்டே வந்தாள். குடத்தைத் தாய் அவளிடம் தரவில்லை.

உச்சியில் குடத்திலிருந்த பால் கடைசிச் சொட்டுவரை இறங்கியது. மூன்றாவது குடம். பாப்பம்மா வேண்டுதல் எதுவும் புதிதாகச் சொல்லவில்லை. மீன் விஷயத்தை மட்டும் ஒருமுறை வாய்க்குள் சொல்லி, தெரியாமல் நடந்தது என்று முடித்தாள். அம்மாசி சொன்னபோது தான் நம்பாத அதே சொல்லை, தான் சொல்ல முருகன் நம்புகிறான் என்பது, காற்றில் அசைந்த தீபத்தின் முகத்தில் அவளுக்குத் தெரிந்தது.

இறங்கி வரும்போது, ஜெரார்ட் சாக்கை விரித்து நாற்பது சோடிக்கு நடுவே திணறிக்கொண்டிருந்தான். அவன் எடுத்துக்கொடுத்தது ஒன்று அம்மாசியுடையது, ஒன்று யாருடையதோ. பாப்பம்மா தன்னுடையதைத் தானே பொறுக்கிக் காலில் மாட்டிக்கொண்டு, நாளைக்கு வீட்டில் என்ன சமையல் என்று கேட்ட சின்னையாவுக்கு மீன் குழம்பு என்று விடை சொன்னாள். பிறகு டிரசரின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நாளைக்கு அந்தத் தங்க மாத்திரைய மறுபடி குடு. வெயிலும் காய்வேன், அதையும் போடுவேன். ஒரே ஒரு மாத்திரை மட்டும் கூட வேணும்."

இரண்டாகப் போடக் கூடாதென்று எத்தனை முறை சொல்வது என்று அவன் தொடங்கினான்.

"எனக்கு இல்ல தம்பி," என்றாள் பாப்பம்மா. "ஒரு நாளு குடுத்தவளுக்கு."